மாத்திரைக்குக் கேட்கும் உடம்பு

பாலக்கோடு
3.6.2024

பிரியா,

கிழிச்சுப் போட்டுடாத. முழுசாப் படிச்சுட்டு அப்புறம் என்ன வேணா பண்ணிக்க.

உன் போன்ல என் நம்பரையும் உங்கண்ணன் நம்பரையும் எங்கண்ணன் பிளாக் பண்ணிடுச்சு. நீ வேற முனியப்பன் கோயில்ல கற்பூரத்தை அணைச்சு, இனி நிர்மலாகூட ஒரு பேச்சு பேசமாட்டன்னு சத்தியம் பண்ணிட்ட. பேசமாட்டன்னுதான சொன்ன? படிக்கமாட்டன்னு சொல்லலையே. அதான் உன் தையல் கடை விலாசத்துக்குத் தபால் போடறன்.

தக்காளி எறக்க மார்க்கெட்டுக்குப் போன உங்கண்ணன் ஒரு சேதி கேட்டுட்டு வந்தாரு. உம்பையன் இளம்பரிதிக்குக் கண்ணுல லென்ஸ் எடம் மாறிடுச்சாம், சேலத்துல மயக்க ஊசி போட்டு ஆபரேஷனாம். கேட்டதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல.

எங்க ஐஸ்வர்யாவுக்கும் மொதல்ல லென்ஸ்தான் நகந்துச்சு. கண்ணாடி மாத்தினா சரியாப் போயிடும்னு நாங்களும் இருந்தம். அப்புறம் ஒருநாளு பள்ளிக்கூடத்துல வலிப்பு வந்து விழுந்தா. தலைக்குள்ள ரத்தம் உறைஞ்சிருக்குன்னு பெங்களூர்ல சொன்னாங்க. நோவு பேரு ஹோமோசிஸ்டினூரியா. பருப்பு, பால், கறின்னு நாம திங்கறதுல இருக்கற ஒரு சத்தை உடைச்சு வெளிய தள்ளற வேலைய அவ உடம்பு செய்யாது. அது ரத்தத்துல தேங்கித் தேங்கிக் கண்ணைக் கெடுக்கும், எலும்பை நீட்டும், ரத்தத்தை உறைய வெக்கும். ஆபரேஷன்னா இந்த உடம்புக்கு ரொம்ப ஆபத்து. முன்கூட்டியே தெரிஞ்சா டாக்டருங்க அதுக்குத் தகுந்தாப்பல பாத்துக்குவாங்க. தெரியாமப் பண்ணினா உசுரே போயிடலாம்.

எங்கம்மாவும் உங்கப்பாவும் கூடப்பொறந்தவங்க. பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்தாங்க. எங்கண்ணனை நீ கட்டின, உங்கண்ணனை நான் கட்டினன். அதனாலதான் சொல்றன், எம்புள்ள ரத்தத்துல இருக்கறது உம்புள்ள ரத்தத்துலயும் இருக்கலாம்.

காதுகுத்துல நடந்ததை நான் மறக்கல. அந்தச் சண்டைய அப்புறம் போட்டுக்கலாம். இப்ப ஒரு ரத்த டெஸ்ட் எடு.

நிர்மலா


பொம்மிடி
8.6.2024

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்குப் பிரியதர்ஷினி எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. காதுகுத்தை மறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் மறக்கவில்லை. ஐஸ்வர்யாவை என் பையனுக்குக் கட்டமாட்டேன், நோயாளிப் பெண்ணை வைத்து யார் பார்ப்பது என்று நான் சொன்னது உண்மை. அது பெற்றவளின் பயம். நீங்கள் சொன்னது என்ன? சொந்தபந்தம் எல்லாம் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, ‘உம்பையனுக்கும் அதே நோவுதான், அவன் கண்ணாடியைப் பாரு’ என்று கையை நீட்டிச் சொன்னீர்கள். அன்றைக்கு அவனுக்குக் கண்ணாடி மட்டும்தான். நீங்கள் சொன்ன பிறகுதான் லென்ஸ் நகர்ந்தது. உங்கள் அண்ணன் தினமும் அதையே சொல்கிறார். ‘எந்தங்கச்சி வாயில இருந்து கிளம்புனது எம்புள்ள கண்ணுல வந்து விழுந்துச்சு’ என்கிறார்.

இளம்பரிதி நீளம் தாண்டுவதில் மாவட்டப் போட்டி வரை போனவன். நோயாளி இல்லை. ஒல்லியும் உயரமும் எங்கள் அப்பாவின் உடல்வாகு. இவருடைய அப்பா வழியிலோ எல்லோரும் கடைசிக் காலம் வரை ஏர் பிடித்தவர்கள், எங்க ரத்தத்துல குறை கிடையாது என்கிறார். டெஸ்ட் என்று வாயெடுத்தாலே சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறார்.

ஆபரேஷன் 20ஆம் தேதி. தள்ளிப்போட மாட்டார். இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

பிரியதர்ஷினி

ஐஸ்வர்யாவுக்கு விரல்கள் மெலிந்து நீளமாக இருக்குமா? பிறந்ததிலிருந்தே அப்படியா? சும்மாதான் கேட்கிறேன்.


பாலக்கோடு
11.6.2024

பிரியா,

சும்மா கேக்கற ஆளா நீ? ஆமா, விரலெல்லாம் நீளம். பொறந்தப்ப இல்ல, வளர வளரத்தான். இப்பவே என்னைவிட ஒசரம். நெஞ்செலும்பு உள்ளாற குழிஞ்சிருக்கும். உம்பையன் சட்டை மாத்தறப்ப பாரு.

சாபம்னு எழுதியிருக்கற. டாக்டரம்மா எனக்குச் சொன்னதை அப்படியே சொல்றன். உடம்புல ஒவ்வொரு வேலைக்கும் ரெண்டு குறிப்பு இருக்குமாம், அப்பன்கிட்ட இருந்து ஒண்ணு, ஆத்தாகிட்ட இருந்து ஒண்ணு. ஒண்ணு பழுதானாலும் இன்னொண்ணு சமாளிச்சுக்கும், வெளிய தெரியாது. எனக்கு ஒண்ணு பழுது, உங்கண்ணனுக்கு ஒண்ணு பழுது. நாங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கறம். எங்க கெட்ட நேரம், ரெண்டு பேரோட பழுதும் ஐஸ்வர்யாகிட்டயே போய்ச் சேந்துடுச்சு. நான் சொல்லித்தான் உம்பையனுக்கு வந்துச்சுன்னா, எம்பொண்ணுக்கு யாரு சொல்லி வந்துச்சு?

எங்கண்ணன்கிட்ட சண்டை போடாத. ஆஸ்பத்திரியில டாக்டர்கிட்ட மட்டும் சொல்லு. அது போதும். உங்கால்ல வேணாலும் விழறன்.

நிர்மலா


பொம்மிடி
15.6.2024

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கடைப் பெண் இவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். நான் படிக்கவில்லை. அடுப்பில் போட்டுவிட்டார். கையை விட்டு இழுத்தேன். ஒரு மூலைதான் மிச்சம். அதில் ‘நெஞ்செலும்பு உள்ளாற’ என்று மட்டும் இருக்கிறது.

அன்றிலிருந்து அவன் சட்டையைக் கழற்றினால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ‘என்னாம்மா அப்படிப் பாக்கற?’ என்று கேட்கிறான். ஒன்றுமில்லை என்கிறேன்.

இனிமேல் எழுதாதீர்கள். இன்னொரு கடிதம் வந்தால் என்னை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பையனை மட்டும் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்கிறார். நான் அவன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பிரியதர்ஷினி


(அஞ்சல் அட்டை)
பாலக்கோடு
17.6.2024

பிரியா,

கார்டுலயே எழுதறன். தபால்காரரு, கடைப் பொண்ணு, எங்கண்ணன், யாரு வேணா படிங்க. இதுல ஒளிக்க ஒண்ணும் இல்ல.

மயக்க ஊசி போடற டாக்டர் ஆபரேஷனுக்கு முன்ன ஒரு கேள்வி கேப்பாங்க. குடும்பத்துல யாருக்காவது ரத்தம் உறைஞ்சிருக்கான்னு. நெசத்தைச் சொல்லுங்க. ஐஸ்வர்யா பேரைச் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.

நிர்மலா


பொம்மிடி
24.6.2024

நிர்மலா,

ஆபரேஷன் நடக்கல. அவன் நல்லா இருக்கான். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

கார்டு வந்தது. இவர் படித்தார். அடுப்பில் போடவில்லை, டிவி மேல வைத்துவிட்டுப் போய்விட்டார்.

20ஆம் தேதி காலையில் சேலம் ஆஸ்பத்திரியில் அவனுக்குப் பச்சை அங்கி மாட்டி, தலைக்கு உறை போட்டு, கையில் ஊசி குத்தி உட்கார வைத்திருந்தார்கள். வெறும் வயிறு. தண்ணி வேணும்மா என்றான், தரக்கூடாது என்றுவிட்டார்கள். மயக்க டாக்டர் ஒரு அம்மா வந்தார்கள். சர்க்கரை இருக்கா, ஆஸ்துமா இருக்கா என்று கேட்டுக்கொண்டே வந்து, நீ எழுதியிருந்த அதே கேள்வியைக் கேட்டார்கள்.

‘குடும்பத்துல யாருக்காவது ரத்தம் உறையற பிரச்சனை?’

‘இல்லைங்க’ என்றார் உங்கள் அண்ணன்.

அந்த அம்மா எழுதப் போனார்கள். இளம்பரிதி என்னையே பார்க்கிறான்.

‘இருக்குதுங்க’ என்றேன்.

‘பிரியா’ என்றார் இவர். சத்தமாக இல்லை.

‘எங்கண்ணன் பொண்ணுக்குத் தலையில உறைஞ்சுதுங்க. பன்னெண்டு வயசுதாங்க. அவளுக்கும் லென்ஸ் நகந்துச்சுங்க. அவங்கம்மா இவரு கூடப்பொறந்த தங்கச்சிங்க.’

அந்த அம்மா பேனாவை மூடினார்கள். அவன் விரல்களைப் பிரித்துப் பார்த்தார்கள். அங்கியை விலக்கி நெஞ்சைப் பார்த்தார்கள். ‘நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?’ என்றார்கள். அத்தை மகன் என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மாவே அவன் தலை உறையைக் கழற்றி, ‘தம்பிக்குத் தண்ணி குடுங்க, இன்னிக்கு வேண்டாம்’ என்று நர்ஸிடம் சொன்னார்கள்.

இவர் எங்களை விட்டுவிட்டு முதல் ரயிலில் ஊருக்கு வந்துவிட்டார். நாங்கள் அடுத்த ரயிலில் வந்தோம். இப்போது வீட்டில் பேச்சு இல்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறார்.

நேற்று ரிசல்ட் வந்தது. ரத்தத்தில் அந்தச் சத்தின் அளவு இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு இருக்கிறதாம். நீ சொன்ன அதே பேர்தான். பி6 மாத்திரை பெரிய அளவில் ஆரம்பித்திருக்கிறார்கள். ஜீன் டெஸ்டுக்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

அங்கியோடு அவன் உட்கார்ந்திருந்தது கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்?

பிரியா


பாலக்கோடு
28.6.2024

பிரியா,

கடுதாசியப் படிச்சுட்டு உங்கண்ணன் எந்திரிச்சுப் போய் மாட்டுத் தொட்டிகிட்ட நின்னுக்கிட்டாரு. அழுதாருன்னு நெனைக்கறன். நான் கேக்கல.

நீ இப்ப மனசைக் கல்லாக்கிக்க. அந்த மாத்திரையத்தான் எங்களுக்கும் மொதல்ல குடுத்தாங்க. சில பேரு உடம்பு அதுக்குக் கேக்குமாம், சில பேரு உடம்பு கேக்காதாம். எந்தப் பழுதுங்கறதப் பொறுத்ததாம். ஐஸ்வர்யாவுக்கு ஒரு சொட்டும் கேக்கல. உங்களுக்கும் கேக்காது, ஒரே ரத்தம்தான. நம்பிக்கை வெச்சு ஏமாந்துடாத, நான் ஏமாந்தன்.

அதுக்கப்புறம் சாப்பாடுதான் வைத்தியம். பருப்பு, பால், தயிர், கடலை, கறி, மீன் எதுவும் ஆகாது. சோறே அளந்துதான். நம்மூர்ல கேவுருக் களி தின்னுதான வளந்தம்? அந்தக் கேவுருலயும் அந்தச் சத்து ஜாஸ்தியாம், களியும் அளவுதான். காய், பழம், ஜவ்வரிசி திங்கலாம். சத்துக்கு ஒரு பவுடர் வாங்கிக் கரைச்சுக் குடுக்கணும். அந்த நாத்தம் பழகறதுக்கு ரொம்ப நாளாகும். மொதல் மாசம் அவன் தட்டைத் தூக்கி எறிவான், நீ அடிப்ப, அப்புறம் ரெண்டு பேரும் அழுவீங்க. எல்லாம் ஆகும். நான் எப்படிச் சமைக்கறன்னு வெவரமா எழுதி அனுப்பறன். கெட்டதோ நல்லதோ, இந்த ஒண்ணுல உனக்கு முன்ன போனவ நானு.

எங்கண்ணன்கிட்ட எதுவும் சொல்லாத. அதுவா வரட்டும்.

நிர்மலா


பொம்மிடி
19.9.2024

நிர்மலா,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் கோபப்பட்டிருப்பாய். எழுதி எழுதிக் கிழித்தேன். எப்படிச் சுற்றி வளைத்தாலும் சொல்ல வேண்டியது ஒன்றுதான்.

மாத்திரை இளம்பரிதிக்குக் கேட்டுவிட்டது.

முதல் மாதமே அளவு பாதிக்கும் கீழே வந்தது. இப்போது கிட்டத்தட்ட சரியான அளவு. போன வாரம் கண் ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. சாப்பாட்டில் பெரிய கட்டுப்பாடு எதுவும் வேண்டாம், மாத்திரையை மட்டும் வாழ்நாள் முழுக்க விடக்கூடாது என்கிறார்கள்.

எப்படி என்று கேட்டேன். அவன் ஜீன் ரிப்போர்ட்டையும், சமையல் குறிப்போடு நீ அனுப்பியிருந்த ஐஸ்வர்யா ரிப்போர்ட்டையும் வைத்துப் பார்த்துச் சொன்னார்கள். அவனுடைய ரெண்டு பழுதும் வேற வேறயாம். என்னிடமிருந்து போனது எங்கள் அப்பா வழிப் பழுது, ஐஸ்வர்யாவுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற அதே பழுது. அது மாத்திரைக்குக் கேட்காது. உங்கள் அண்ணனிடமிருந்து போனது இன்னொன்று. அது பழுதானாலும் கொஞ்சம் வேலை செய்யுமாம், மாத்திரை சேர்ந்தால் நன்றாகவே செய்யுமாம். உனக்கு வந்தது உங்கள் அம்மாவிடமிருந்து. அவருக்கு வந்தது உங்கள் அப்பாவிடமிருந்து இருக்கும் என்று நினைக்கிறார்கள்.

எங்க ரத்தத்துல குறை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அந்த ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பொம்மிடி வரும் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது ‘எங்கப்பாவோடதா?’ என்று மட்டும் கேட்டார்.

இன்னொன்றும் டாக்டர் சொன்னார்கள். இவனும் ஐஸ்வர்யாவும் கல்யாணம் செய்தால் பிறக்கிற குழந்தை ஒன்றுகூடத் தப்பாது என்று. அந்தப் பேச்சு இனி யார் வாயிலும் வரக்கூடாது. காதுகுத்தில் நான் சொன்னதற்காக இதை எழுதவில்லை. நம்பு.

உனக்கு எழுதக் கை கூசுகிறது. நீ சொல்லித்தான் என் பிள்ளை பிழைத்தான்.

பிரியா


பாலக்கோடு
6.10.2024

பிரியா,

நல்ல சேதிதான். சந்தோஷம்னு எழுதணும். எழுதிட்டன்.

மிச்சத்தையும் எழுதிடறன், இல்லன்னா நெஞ்சு வெடிச்சுடும். உங்கடுதாசியப் படிச்சுட்டுத் தக்காளிக் காட்டுல உக்காந்து மண்ணை வாரி எறிஞ்சன். ஒரே வயித்துல பொறந்தம் நானும் எங்கண்ணனும். அதுக்கு அப்பனோட பழுது கெடைச்சுது, எனக்கு ஆத்தாளோட பழுது. நான் என்ன பாவம் பண்ணினன்? டெஸ்ட் எடு டெஸ்ட் எடுன்னு கத்தினது நானு. கதவைச் சாத்தினது நீங்க. மாத்திரை கேட்டது உங்களுக்கு. உம்பையன் பொழைக்கணும்னுதான் எழுதினன், அதுல பொய்யில்ல. ஆனா இப்ப அவன் கறியும் மீனும் தின்னுட்டுத் திரியறான்னு நெனைச்சா வயிறு எரியுது. இதுவும் பொய்யில்ல.

எனக்கே இப்படின்னா ஐஸ்வர்யாவுக்கு எப்படி இருக்கும்? கடுதாசிய எடுத்துப் படிச்சுட்டா. பவுடரைக் குடிக்கற மாதிரி குடிச்சுட்டு வாய்க்கால்ல ஊத்தியிருக்கறா. பள்ளிக்கூடத்துச் சத்துணவுல குடுக்கற முட்டைய நாள் தவறாம தின்னிருக்கறா. ரத்தத்துல அளவு மறுபடியும் மேல ஏறிடுச்சு. இன்னொரு தடவை உறைஞ்சா என்ன ஆகும்னு டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க. அதை இங்க எழுதமாட்டன்.

அடிச்சன். ‘அவனுக்கு மட்டும் ஏன்?’னு கேட்டா.

கொஞ்ச நாளைக்கு எழுதாத பிரியா. நல்ல சேதின்னாலும் வேண்டாம்.

நிர்மலா


பொம்மிடி
9.10.2024

நிர்மலா,

எழுதாதே என்றாய். இதற்கு மட்டும் மன்னித்துக்கொள்.

உன் கடிதத்தை இளம்பரிதியிடம் கொடுத்தேன். உன்னைக் கேட்காமல் கொடுத்தேன். பெரியவனாகிவிட்டான், அவனுக்குத் தெரியட்டும் என்று தோன்றியது. படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அத்தை வூட்டுக்குப் போறேன் என்றான். நான் போகச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கண் இன்னும் முழுசாகத் தெளியவில்லை, பஸ்ஸில் தனியாக அனுப்ப முடியாது. உங்கள் அண்ணன் கூட வருகிறார். அவராகவே சட்டையை இஸ்திரி போடக் கொடுத்தார்.

உனக்குப் பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிவிடு. பையனைத் தெருவில் நிற்க வைத்து மட்டும் அனுப்பாதே.

பிரியா


பாலக்கோடு
27.10.2024

பிரியா,

உம்பையன் வந்துட்டுப் போனதை அவன் வாயால எவ்வளவு கேட்டிருப்பன்னு தெரியல. அவன் பாதிதான் சொல்லுவான். நான் சொல்றன்.

எங்கண்ணன் வாசப் படல்கிட்டயே நின்னுக்கிச்சு. வாண்ணு எனக்கு வாய் வரல. உங்கண்ணன்தான் வந்து, ‘வாங்க மச்சான், வெள்ளாமையப் பாக்கலாம்’னு காட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு.

இளம்பரிதி நேரா உள்ள வந்து ஐஸ்வர்யா எதுக்க உக்காந்தான். அவ நிமுந்தே பாக்கல. ‘உனக்கு மாத்திரை கேட்டுடுச்சாமே’ன்னா.

‘ஆமா.’

‘அப்ப என் கண்ணு முன்னால ஒரு முட்டை தின்னு.’

திட்டலாம்னு வாயைத் தொறந்தன். ‘வேவிச்சுக் குடுங்கத்தை’ன்னான் அவன். என்ன பண்றதுன்னு தெரியாம உங்கண்ணனுக்கு வெச்சிருந்ததுல ஒண்ணை எடுத்து வேவிச்சன். அவளே உரிச்சா. அவளே ரெண்டா அறுத்து உப்பும் மொளகும் போட்டா. அவன் தின்னான். அவ அவன் வாயையே பாத்துக்கிட்டு இருந்தா.

‘எப்படி இருக்குது?’

‘மஞ்சக்கரு தொண்டையில மாவு மாதிரி ஒட்டுது. பெருசா ஒண்ணும் இல்ல.’

‘பொய் சொல்ற.’

‘ஆமா, பொய்தான். நல்லாத்தான் இருக்குது.’

அவ்வளவுதான், அழுதா பாரு. நோவுன்னு தெரிஞ்ச நாள்ல இருந்து அவ அப்படி வாய் விட்டு அழுது நான் பாத்ததில்ல. அவன் சமாதானமே பண்ணல. அழுது முடியற வரைக்கும் உக்காந்திருந்தான். அப்புறம், ‘அந்தப் பவுடரைக் குடு, நானும் குடிக்கறன்’னான். ஒரு வாய் வெச்சான், பிரியா, ஓடிப்போய் வாசல்ல துப்பிட்டுக் கண்ணுல தண்ணி வரக் குமட்டினான். அவ சிரிச்சா. ‘மூக்கைப் புடிச்சுக்கிட்டு ஒரே மடக்கா குடிக்கணுண்டா, இப்படி’ன்னு மீதி டம்ளரை வாங்கி முழுசும் குடிச்சுக் காட்டினா. நான் அடுப்படிக்குள்ள போயிட்டன்.

அந்த நேரம் பாத்து எங்கண்ணன் வந்து நிலைப்படிகிட்ட நின்னுச்சு. ‘டாக்டர் கேட்டதுக்கு நான் இல்லைன்னுட்டன் நிம்மி. அந்தம்மா எழுதப் போனாங்க’ன்னு சொல்லுச்சு. ‘சாப்பிட்டுட்டுப் போ’ன்னன். ஐஸ்வர்யாவுக்கு வெக்கறதத்தான் எல்லாருக்கும் வெச்சன், அளந்த சோறும் பீர்க்கங்காயும். எங்கண்ணன் மறுசோறு கேக்கல.

வயித்தெரிச்சல் போயிடுச்சான்னு நீ கேப்ப. போகல. கொறைஞ்சிருக்குது. உம்பையன் மாத்திரைய ஒருநாள் மறந்தான்னு கேள்விப்பட்டாக்கூட வந்து தோலை உரிப்பன்னு சொல்லிவை.

போன வாரம் ரத்தம் குடுத்துட்டு வந்தம். அளவு கொஞ்சம் எறங்கியிருக்குது. கொஞ்சந்தான். இன்னும் பயம் தீரலன்னுதான் டாக்டரம்மா சொல்றாங்க. ஆனா பவுடரை இப்ப நான் ஞாபகப்படுத்தறதுக்கு முன்னாலயே கலக்கி எடுத்துக்கறா. சத்துணவு முட்டைய என்ன பண்றன்னு நேத்து பயந்துகிட்டே கேட்டன்.

‘வாங்கறம்மா. பக்கத்துல உக்காந்திருக்கறவளுக்குக் குடுத்துட்டு, எப்படி இருக்குதுன்னு கேக்கறன்’னா. ‘ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு மாதிரி சொல்றாங்க.’

நிர்மலா